உள்பக்கக் கொக்கி

ட்ராக்டரின் பின்சக்கரத்துக்குப் பனிச்சங்கிலி மாட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே, இருக்கையில். இன்னொருவர் கீழே, பனியில் முழங்காலிட்டு. மேலே இருப்பவர் கிளட்சை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். கீழே இருப்பவர் சங்கிலியைப் போர்வை மாதிரி டயரின் மேல் போட்டுவிட்டு, மட்கார்டில் இடுக்கியால் ஒரு தட்டுத் தட்டுவார். மேலே கால் கொஞ்சம் தளரும். சக்கரம் மெல்ல உருண்டு சங்கிலியைத் தன் அடியில் வாரிக்கொள்ளும். இரண்டு தட்டு விழுந்தால் நிறுத்தம். பிறகு உள்பக்கக் கொக்கி, அதற்கப்புறம் வெளிப்பக்கக் கொக்கி. வெளிப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம். உள்பக்கம் அப்படியில்லை. சக்கரத்துக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே ஒரு கை போகிற சந்துதான் உண்டு. கண்ணுக்கு எட்டாது. விரல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எஞ்சினை அணைத்துவிட்டு மாட்டினால் என்ன என்று கீழூர்க்காரர்கள் கேட்பார்கள். யெலாக் கிராமத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. தாரா ஆற்றுப் பள்ளத்துக்கு மேலே, மான்டினீக்ரோவின் வடக்கு மலைகளில், தை மாதக் குளிரில் ஒருமுறை அணைந்த எஞ்சினை மறுபடி எழுப்ப அண்டா அண்டாவாக வெந்நீரும் அரை நாள் பொறுமையும் வேண்டும். அதனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். கியர் விழுந்தே இருக்கும். ஒருவர் காலை நம்பி இன்னொருவர் கை உள்ளே போகும்.

ஒப்ராத் வீட்டில் அந்தக் கால் ஒப்ராத்துடையது. கை அவர் மனைவி ஸ்தாமெனாவுடையது.

அவள் கல்யாணமாகி வந்தது ஆற்றோரத்து ஊரிலிருந்து. முதல் குளிர்காலத்தில் ஒப்ராத்தும் அவருடைய தம்பியும் புதிதாக வந்த சிவப்பு ட்ராக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் கரடிக் கை. சந்துக்குள் மணிக்கட்டைத் தாண்டிப் போகவில்லை. தம்பி ட்ராக்டரின் தாயாரைக் கெட்ட வார்த்தையில் விசாரித்துக்கொண்டிருந்தான். காபி கொண்டுவந்த புதுப்பெண் தட்டைப் பனிமேல் வைத்தாள். கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டாள். கொக்கி விழுகிற சத்தம் கேட்டது.

“இவ்ளோதானா?” என்றாள்.

அந்தக் கை அன்றைக்கே ட்ராக்டருக்கு வாக்கப்பட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டு மிலின்கோ பிற்பாடு சொல்லிச் சிரிப்பான். அது உண்மைதான். தம்பி ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தான். மகள் ஸ்லாவ்கா பிறந்தாள், வளர்ந்தாள், டவுனில் ஒரு மின்சாரத் தொழிலாளியைக் கட்டிக்கொண்டாள். யெலாக்கில் குளிர்காலப் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக அணைந்து கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. ஒன்று இவர்களுடையது, மற்றது மிலின்கோவுடையது. அவ்வளவு காலமும் ஸ்தாமெனாவின் கை அந்தச் சந்துக்குள் போய்வந்துகொண்டிருந்தது. வெறும் விரல் இரும்பில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஆட்டுக்கொழுப்பைத் தடவிக்கொண்டு விடுவாள். மேலிருந்து ஒப்ராத் அவசரப்படுத்துவார். “உள்ள என்ன கோழி முட்டையா தேடுறே?” என்பார். “தேடுறேன், கெடைச்சா உன் தலையிலதான் உடைப்பேன்” என்று பதில் வரும். இதைவிட அதிகமாக அவர்கள் பேசிக்கொண்டதாக ஊரில் யாரும் கேட்டதில்லை. இதைவிடக் குறைவாகப் பேசிய நாளும் இல்லை.

சங்கிலி விஷயத்தில் ஒப்ராத்துக்கு ஒரு கறாரான வழக்கம் உண்டு. யெலாக்கிலிருந்து கீழே இறங்கும் பாதை ஊற்றுத் திருப்பம் வரைக்கும் மலையின் நிழலில் போகும். அங்கே சித்திரை வரை பனி கிடக்கும். திருப்பத்தைத் தாண்டினால் வெயில் பக்கம். காற்றும் சூரியனும் சேர்ந்து பனியைச் சுரண்டிவிடும், தார்ரோடு வரைக்கும் மொட்டைப் பாறை. பாறையில் ஓடினால் சங்கிலி தேய்ந்து அறுந்துவிடும் என்று ஒப்ராத் இறங்கும்போது திருப்பத்தில் நிறுத்திச் சங்கிலியைக் கழற்றச் சொல்வார். திரும்பி வரும்போது அதே இடத்தில் மறுபடி மாட்ட வேண்டும். மற்ற வீட்டுக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு சங்கிலியைத் தின்றபோது ஒப்ராத்தின் சங்கிலி மட்டும் மகள் கல்யாண வயதுக்கு வரும்வரை உழைத்தது. அதில் அவருக்கு ஒரு கர்வம். அந்தக் கர்வத்துக்கு விலையாக ஒவ்வொரு பயணத்திலும் ஸ்தாமெனா இரண்டு தடவை முழங்காலிட்டாள். அவள் அதை விலையாக நினைத்ததில்லை. சமையலுக்கு உப்பு எடுப்பதைப் போல அதுவும் ஒரு வேலை.

பிறகு ஒப்ராத்தின் சிறுநீரகங்கள் கைவிட்டன.

முதலில் கால் வீங்கியது. செருப்புக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். முகம் வீங்கியது. ஸ்தாமெனா போட்ட சாப்பாடு அப்படி என்றார். கடைசியில் டவுன் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, இனி வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் இயந்திரத்தில் கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிர் தங்காது என்று டாக்டரம்மா சொன்னாள். வோயின் என்ற இளைஞன் ஓட்டும் வெள்ளை வேன் தார்ரோடு முடிகிற இடம்வரை வந்து அவரை ஏற்றிக்கொள்ளும். அதற்கு மேல் வேன் ஏறாது. யெலாக்கிலிருந்து அந்த இடத்துக்கு இறக்கிவிடுவது வீட்டுக்காரர்கள் பாடு.

ஸ்லாவ்கா தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னாள். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான் என்றாள். ஒப்ராத் மாட்டேன் என்றார். “மூணாவது மாடியில செத்தா எறக்குறது எப்படி? கயிறு கட்டியா?” என்று கேட்டார். அது வேடிக்கைக்குச் சொன்னது. வேடிக்கையில்லாமல் சொன்னது ஒன்றுதான், அதை அவர் ஸ்தாமெனாவிடம் மட்டும் சொன்னார்.

“எங்க வேணா கூட்டிட்டுப் போ. ராத்திரிக்கு இங்க கொண்டுவந்து போட்டுடு.”

அவள் சரி என்றாள். அந்தச் ‘சரி’யைக் காப்பாற்றுவதற்காக அந்த வயதில் ட்ராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்த ஒப்ராத் வாய் ஓயாமல் திட்டினார். வேலிக்கம்பு இரண்டு போயிற்று. பின்பக்கம் தொங்கும் இரும்புப் பெட்டியில் வைக்கோல் போட்டு, ஆட்டுத்தோலைச் சுற்றி அவரை உட்காரவைத்து, அவள் ஓட்டினாள்.

சங்கிலி மாட்டும் நேரத்தில் மட்டும் அவர் பெட்டியை விட்டு இறங்கிவிடுவார். மூச்சு வாங்க ட்ராக்டரைச் சுற்றிக்கொண்டு வந்து இருக்கையில் ஏறுவார். அவள் பின்னாலிருந்து தள்ள வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளட்சில் காலை வைப்பார். விறகு பிளக்க முடியாத, வைக்கோல் தூக்க முடியாத, தண்ணீர் குடிப்பதற்குக்கூட அளவு பார்க்க வேண்டிய மனிதருக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான். மிலின்கோ ஒருநாள் வந்து, “அண்ணே, நான் உக்காந்து மிதிக்கிறேன், நீ வைக்கோல்ல சொகமா இரு” என்றான். ஒப்ராத் அவனுடன் ஒரு வாரம் பேசவில்லை.

கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கியபின் ஒரு மாலை. வோயின் அவரை வேனிலிருந்து கைத்தாங்கலாக இறக்கிவிட்டான். இயந்திரத்திலிருந்து வரும் நாட்களில் அவர் பிழிந்து உலர்த்திய துணி மாதிரி இருப்பார். அன்றைக்கு இன்னும் மோசம். மேலே ஏறி வந்து ஊற்றுத் திருப்பத்தில் நிறுத்தினாள். அவர் பெட்டியிலிருந்து எழ நேரமாயிற்று. இருக்கையில் ஏற்றி உட்காரவைத்தாள். முகத்தைப் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு அவர் சீட்டில் ஏறமாட்டார். அதற்கடுத்த நாள் பெட்டியில் ஏறமாட்டார்.

இடது சக்கரம் முடிந்தது. வலது சக்கரத்தில் சங்கிலியைப் போட்டு ஒரு தட்டு, இரண்டு தட்டு. கையில் கொழுப்பைத் தடவிக்கொண்டு சந்துக்குள் விட்டாள். கொக்கியை விரல் கண்டுபிடித்தது. இயந்திரத்தில் கிடந்தவர்களுக்குக் கெண்டைக்கால் நரம்பு இழுத்துப் பிடிப்பது உண்டு. அந்த நேரம் பார்த்து ஒப்ராத்துக்குப் பிடித்தது. கிளட்சிலிருந்து கால் வழுக்கியது. ட்ராக்டர் ஒரு முழம் முன்னால் குதித்து, அவர் மற்றக் காலால் பிரேக்கை மிதித்ததும் நின்றது.

கீழேயிருந்து சத்தம் வரவில்லை.

“என்னடி? பட்டுச்சா?” என்றார் அவர்.

“எது பட்டுச்சு? ஒண்ணுமில்ல. மிதிச்சுப் பிடி.”

சங்கிலிக்கும் மட்கார்டைத் தாங்கும் இரும்புக்கும் நடுவே அவளுடைய நடுவிரலும் மோதிரவிரலும் நசுங்கியிருந்தன. அவள் நெற்றியை டயரில் முட்டுக்கொடுத்து, மூச்சை விட்டு, இடது கையால் கொக்கியை மாட்டினாள். பனியில் கையைப் புதைத்து எடுத்தாள். தலைத்துணியின் முனையால் சுற்றி, மேலே கம்பளிக் கையுறையைப் போட்டுக்கொண்டாள். அவரைப் பெட்டிக்குள் இறக்கிவிட்டு ஒரு கையால் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கியர் மாற்றும்போது மட்டும் கண் இருட்டிற்று.

அவர் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளும் கையுறையோடு நடமாடினாள். குளிர் என்றாள். அடுப்பு செந்தணலாக எரிந்துகொண்டிருந்த சமையலறையில் அதை அவர் கேட்டுக்கொண்டார்.

யெலாக் வீடுகளில் மாட்டுத்தொழுவம் கீழே, கல் சுவருக்குள். மனிதர்கள் மேலே, பலகைத் தளத்தில். ஒப்ராத்தின் கட்டில் அடுப்போரமாக, சரியாகப் பசுக்களுக்கு மேலே கிடந்தது. எத்தனையோ வருஷமாகக் கீழே பால் கறக்கும் சத்தத்தில் அவர் கண் விழிப்பவர். இரண்டு கையால் கறக்கும்போது பால் மாறி மாறி வாளியில் விழும், திடமாக நடந்து போகிறவன் காலடி போல. அடுத்த நாள் காலையில் படுத்தபடியே கேட்டார். பால் நொண்டியது. ஒரு பீச்சல், பிறகு வெற்றிடம், மறுபடி ஒரு பீச்சல். பொறுமையிழந்த பசு காலை உதைத்தது. ஸ்தாமெனா அதைக் கெஞ்சினாள். கெஞ்சுவது அவள் வழக்கமே இல்லை.

அவள் படியேறி வந்து வாளியை வைத்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சோளக்களியைக் கிண்டி வைத்த பிறகு அவர் சொன்னார்.

“ஸ்லாவ்கா வீட்டுக்குப் போயிடலாம்னு பாக்குறேன்.”

“எதுக்கு?”

“சூடா இருக்கும். விறகு வேலை இல்ல. டிவி இருக்கு.”

“டிவி பாத்தா தலை வலிக்குதுன்னு கல்யாணமானதுலேருந்து சொல்ற ஆளு நீ.”

“இப்ப வலிக்கல.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் களியைப் பார்த்தார். மாடும் ஆடும் இருக்கும்போது குளிர்காலத்தில் அவளால் கீழே போய் இருக்க முடியாது. அது இருவருக்கும் தெரியும். அவர் போனால் தனியாகத்தான் போக வேண்டும். போனால் பனி உருகும்வரை அங்கேதான். பனி உருகும்வரை அவர் இருப்பாரா என்பதை இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. மிலின்கோ வந்து மாட்டித் தருவான், கேட்டால் போதும் என்றாள். டவுனில் டிவி இருக்கிறது என்று அவர் மறுபடியும் சொன்னார்.

புறப்பட்ட காலையில் அவள் எஞ்சினை எழுப்பிவிட்டு, சங்கிலிகளை இழுத்துவந்து இரண்டு சக்கரத்திலும் போட்டாள். அவரைப் பின்னாலிருந்து தள்ளி இருக்கையில் ஏற்றினாள். சக்கரங்கள் உருண்டு நின்றன. கொழுப்பு டப்பாவை எடுக்க அவள் குனிந்தபோது எஞ்சின் நின்றுபோனது. நிமிர்ந்து பார்த்தாள். அணைக்கும் குமிழை அவர்தான் இழுத்துப் பிடித்திருந்தார்.

“எதுக்கு அணைச்சே?”

“சத்தம் காதைக் குடையுது. நீ மாட்டு.”

ஸ்தாமெனா கொழுப்பு டப்பாவை இருந்த இடத்திலேயே விட்டாள். பிறகு கையுறையைக் கழற்றாமல் இடது கையால் உள்பக்கக் கொக்கியைத் தேடினாள். நிறைய நேரம் பிடித்தது. அவர் காலைக் கிளட்சிலிருந்து முழுவதுமாக எடுத்து, இரண்டு கால்களையும் ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அந்நியர் வீட்டு விருந்தில் உட்கார்ந்திருப்பவரைப் போல. அப்புறம் வெந்நீர். அண்டாவில் கொதிக்கவைத்து ஊற்றி, மறுபடி கொதிக்கவைத்து ஊற்றி, மத்தியானம் திரும்பும் நேரத்தில் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. அதற்குள் அடுத்த சக்கரத்தையும் முடித்திருந்தாள்.

ஊற்றுத் திருப்பத்தில் வழக்கப்படி நிறுத்தி, சங்கிலியைக் கழற்ற இறங்கினாள்.

“விடு,” என்றார் அவர் பெட்டிக்குள்ளிருந்து. “கழட்டாதே. கல்லு தின்னா தின்னட்டும்.”

அவளுக்கு அங்கேதான் புரிந்தது. திரும்பி வரும் எண்ணம் இருக்கிற ஒப்ராத் சங்கிலியைப் பாறையில் ஓடவிடமாட்டார். ஏறி உட்கார்ந்து ஓட்டினாள். பாறையில் சங்கிலி பற்களை நறநறவென்று கடித்துக்கொண்டு வந்தது. தார்ரோட்டில் வோயின் வேனின் எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருந்தான். கதவைச் சாத்துமுன் ஒப்ராத் அவளிடம் கடைசியாகச் சொன்னது கறவை வற்றிய பசுவுக்கு உப்பு வைக்க வேண்டும் என்பதுதான்.

யெலாக்கில் போன் எடுக்கிற இடம் ஒன்றே ஒன்று, வீட்டுக்கு மேலே உள்ள மொட்டை மேடு. ஞாயிறும் புதனும் ஸ்தாமெனா அங்கே ஏறிப் பேசினாள். ஒப்ராத் நன்றாகவே இருந்தார். சுவரில் சூடு வருகிறது, வெறும் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன் என்றார். கீழ்வீட்டுக்காரர் சதுரங்கம் ஆட வருகிறார், தோற்றுக்கொண்டே இருக்கிறார் என்றார். டிவியில் மீன் பிடிக்கிற நிகழ்ச்சி ஒன்று வருகிறது என்றார். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல ஸ்தாமெனா சிரித்தாள், கீழே இறங்கி வரும்போது ஒன்றையும் நம்பவில்லை. பாறை கடித்த சங்கிலியைக் கழற்றிக் கொட்டகையில் விரித்து, அறுந்த கண்ணிகளைக் கம்பியாலும் போல்ட்டாலும் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு விரல்களும் வளைந்தபடியே ஆறிவிட்டன. மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை.

மாசி பிறந்ததும் தொடர்ந்து கொட்டியது. வேலி மறைந்தது, கிணற்று மேடை மறைந்தது. புதன்கிழமை மேட்டுக்கு ஏற அரைநாள் ஆயிற்று. போனை எடுத்தது ஸ்லாவ்கா.

அப்பா இயந்திரத்துக்குப் போய் ஒரு வாரமாகிறது என்றாள். வோயின் மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தட்டினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். டிவியை அவர் ஒருநாளும் போட்டதில்லை. கீழ்வீட்டில் யாரும் குடியே இல்லை. தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பஸ்ஸுக்கு நிற்கிறவரைப் போல. “உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்மா,” என்றாள். டாக்டரம்மா ஒரு வாரமோ, பத்து நாளோ என்றாளாம்.

ஸ்தாமெனா நேராக மிலின்கோ வீட்டுக்கு நடந்தாள்.

மிலின்கோ கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். குதிரை, ஆடு, நாய் என்று எதையும் பழக்கிவிடுவான், இரும்பென்றால் பயம். அன்றைக்கு மிதிக்கிறேன் என்று சொன்னதோடு சரி, வாழ்நாளில் ட்ராக்டரில் ஏறியதில்லை. முற்றத்துப் பனியைத் தள்ள விடியுமுன்பே எழுப்பியிருந்த எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவனைக் கொண்டுவந்து இருக்கையில் ஏற்றினாள். கிளட்சைக் காட்டினாள். ஒரு தட்டு என்றால் கொஞ்சம் விடு, இரண்டு என்றால் மிதி என்று சொன்னாள். அணைத்துவிட்டு மாட்டலாமே அண்ணி என்று அவன் கெஞ்சினான். அணைத்தால் பகல் போய்விடும், போனால் நாளைக்குத்தான் என்றாள்.

“கால் நடுங்குது அண்ணி.”

“நடுங்கட்டும். எடுக்காம நடுங்கு.”

கையுறையைக் கழற்றினாள். அந்த விரல்களை அவன் அப்போதுதான் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். சந்துக்கு முன்னால் அவள் கை நின்றது. எத்தனையோ ஆயிரம் தடவை யோசிக்காமல் போன கை, இப்போது போக மறுத்தது. மேலே அவன் வாய்க்குள் பிரார்த்தனை முனகிக்கொண்டிருந்தான், ஒன்றைச் சொல்லி முடித்ததும் மறுபடி அதையே. ஸ்தாமெனா கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள். வளைந்த விரல் கொக்கியைப் பிடிக்கவில்லை. சுண்டுவிரலால் இழுத்தாள். நழுவியது. மறுபடி இழுத்தாள். மிலின்கோவின் கால் மிதியில் தடதடவென்று அடித்துக்கொண்டதை வண்டியின் இரும்பு வழியே தன் தோளில் உணர்ந்தாள். கொக்கி விழுந்தது.

மாட்டையும் ஆட்டையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினாள். முன்பக்கத் தகட்டால் பனியைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது. ஊற்றுத் திருப்பத்தில் நிறுத்தவில்லை. பாறையில் ஒட்டுப்போட்ட கண்ணி ஒன்று அறுந்து மட்கார்டைச் சாட்டை மாதிரி அடித்துக்கொண்டே வந்தது. அப்படியே தார்ரோட்டில் இறங்கி, அப்படியே டவுனுக்குள் நுழைந்தாள். ஜனங்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

ஒப்ராத் சமையலறை நாற்காலியில் இருந்தார். முகம் உப்பிக் கண்கள் சிறுத்திருந்தன. அவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டிருப்பார்.

“சீட்டுல யாரு உக்காந்தது?” என்று கேட்டார்.

“மிலின்கோ.”

“விட்டானா காலை?”

“விடல.”

“கையுறையைக் கழட்டு.”

அவள் கழற்றினாள். அவர் அந்த இரண்டு விரல்களையும் தன் உப்பிய கைக்குள் எடுத்து, நீட்டிப் பார்த்தார். நீளவில்லை.

“என் காலுதான்,” என்றார்.

“தெரியும்யா.”

“அப்பவே தெரியுமா?”

“அப்பவே தெரியும். உன் காலைத் தவிர அங்க யாரு இருந்தா?”

ஸ்லாவ்கா ஜன்னலோரம் திரும்பி நின்றுகொண்டாள். ஸ்தாமெனா சொன்னாள், மிலின்கோ இப்போது பழகிவிட்டான், வீட்டுக்குப் போகலாம், பழையபடி வாரம் மூன்று நாள் இறக்கிக்கொண்டு வருகிறேன். ஒப்ராத் மறுத்துத் தலையசைத்தார். இயந்திரம் போதும் என்றார். வீட்டுக்கு வருகிறேன், மறுபடி இறங்கமாட்டேன். இறக்குவதாக இருந்தால் இங்கேயே விட்டுவிட்டுப் போ. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை, விலை பேசுகிறவனின் நிதானம் இருந்தது.

“அப்பாவைச் சாகடிக்கவாம்மா கூட்டிட்டுப் போறே?” என்றாள் ஸ்லாவ்கா.

ஸ்தாமெனா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மகள் ஊற்றிவைத்த காபி ஆறி மேலே ஆடை படிந்தது. இயந்திரம் என்றால் இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் இருக்கலாம். அப்படி இருந்தவர்கள் உண்டு. டவுனில், இந்த நாற்காலியில், தொப்பியோடு. அதற்கு அவரை இழுத்துக்கொண்டு போகலாம், நான்கு பேர் பிடித்தால் போகும் உடம்புதான். அல்லது தான் கொடுத்த வாக்கின்படி கொண்டுபோய்ப் போடலாம். எதைச் செய்தாலும் செய்தது அவளாகத்தான் இருக்கும். கடைசியில் எழுந்து, அவருடைய கம்பளிக் காலுறையைத் தேடி எடுத்துவந்து, அவர் முன்னால் மண்டியிட்டுப் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை மேலே ஏறினார்கள். மிலின்கோ வாசலில் நின்றிருந்தான். பெட்டியிலிருந்து இறக்கும்போது ஒப்ராத் கேட்டார், “என் சீட்டுல ஏறுனியாமே?”

“ஏறுனேன் அண்ணே. ஆனா கண்ணை மூடிக்கிட்டுத்தான்.”

ஒப்ராத் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, மூன்று பேரும் படியில் நின்றுவிட்டார்கள்.

அந்த நாட்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவர் அடுப்போரக் கட்டிலில் கிடந்தார். உப்பில்லாத சாப்பாட்டை நிறுத்திவிட்டு, கேட்டதையெல்லாம் கொடுத்தாள். ஆட்டுக்கறி வற்றல், பாலாடை, ஒரு கிண்ணம் பிளம் சாராயம். மூன்று வாய்க்கு மேல் இறங்கவில்லை. பெரும்பாலும் தூங்கினார். விழித்திருக்கும்போது கீழே பசுக்கள் அசைபோடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை, “காலு பிடிக்குது” என்றார். அவள் கெண்டைக்காலைத் தன் மடியில் வைத்து, நல்ல விரல்களால் நீவிவிட்டாள்.

சனிக்கிழமை வேன் வரும் நாள்; அவர் ஊர் திரும்பியதை ஸ்லாவ்கா வோயினிடம் சொல்லியிருந்தாள். வோயினுக்குச் சொல்லாமல் விடுவது முறையில்லை என்று காலையிலேயே மேட்டுக்கு ஏறினாள். வானம் வெளுத்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் மலைக்குக் கீழே தார்ரோடு முடியும் இடம் தெரியும். வெள்ளை வேன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

“அத்தை, வந்துட்டேன். மாமா எறங்குறாரா?”

“இல்லப்பா. இனிமே வர வேண்டாம்.”

அவள் போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

“சரி அத்தை,” என்றான் பிறகு. “எப்பவும் நிக்கிற நேரம் வரைக்கும் நின்னுட்டே போறேன். வண்டி சூடா இருக்கு.”

வேண்டாம், போய்விடு என்றாள். அவன் போகவில்லை. வேனின் பின்னால் புகை எழுந்துகொண்டிருந்தது. ஸ்தாமெனாவும் நின்றாள். இப்போது ஓடிப்போய் மிலின்கோவை எழுப்பினால் மத்தியானத்துக்குள் கீழே இறங்கிவிடலாம். ஒப்ராத்துக்குத் தடுக்கும் தெம்பு இல்லை. திட்டுவார், ஆனால் உயிரோடு இருப்பார். போன் கையில்தான் இருந்தது. காற்று அவள் பாவாடையைக் கால்களோடு ஒட்டியது. விரல்கள் மரத்துப்போயின. முதலில் வளைந்த இரண்டும், பிறகு மற்றவையும்.

வேன் மெதுவாகத் திரும்பியது. பைன் மரங்களுக்குள் போய், மறுபக்கம் ஒருமுறை தெரிந்து, பிறகு தெரியவில்லை.

அவள் இறங்கி வந்து அடுப்பில் விறகைப் போட்டாள். ஒப்ராத் விழித்திருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அவள் உட்காருவதற்குக் கால்மாட்டில் இடம் விட்டு, முழங்காலை மெல்ல மடக்கிக்கொண்டார்.